அல்சைமரும் பேச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சைமர் வந்தவர்களின் பேச்சு ஏன் மாறுகிறது, எப்படி மாறுகிறது, ஆராய்ச்சியாளர்கள் இதுவரை என்ன கண்டிருக்கிறார்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இது மருத்துவ ஆலோசனை இல்லை. ஆனால் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவருடைய பேச்சில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது அன்றாடத்தை நிஜமாகவே மாற்றும் என்று நம்புகிறேன்.

அல்சைமர் என்றால் மறதிதானே? பேச்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் உண்டு, அதுவும் முதல் நோயாளியிலிருந்தே. 1901இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் ஆகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அலோயிஸ் அல்சைமர் பரிசோதித்தார். அவர் எழுதி வைத்த குறிப்புகளில் நினைவைப் பற்றி எவ்வளவு இருக்கிறதோ அதற்குக் குறையாமல் பேச்சைப் பற்றியும் இருக்கிறது. மதியம் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, கீரை என்று பதில் வந்தது. பெயரை எழுதச் சொன்னால் 'திருமதி' என்று எழுதிவிட்டு, மீதியை மறந்து நின்றுவிட்டார். காலிஃபிளவரைக் கேட்டால் நாற்காலி என்று சொல்லவில்லை, கீரை என்றார் என்பதைக் கவனியுங்கள். சரியான சொல் கிடைக்கவில்லை, ஆனால் அதன் பக்கத்து வீட்டுச் சொல் கிடைத்தது. அல்சைமரில் பேச்சு எப்படித் தடுமாறும் என்பதற்கு இன்றைக்கும் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எனக்கும் அடிக்கடி பெயர்கள் மறந்துபோகின்றன. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வயது ஏற ஏற ஆட்களின் பெயர்கள், ஊர்ப் பெயர்கள் நாக்கின் நுனியில் நின்று வர மறுப்பது எல்லோருக்கும் நடக்கிறது. அரை மணி நேரம் கழித்து, வேறு எதையோ செய்துகொண்டிருக்கும்போது தானாக வந்துவிடும், அல்லது யாராவது சொன்னால் "ஆமாம், அதேதான்" என்று உடனே பிடித்துக்கொள்வோம். கவனிக்க வேண்டியது வேறு மாதிரியான மாற்றம். தினமும் புழங்கும் சாதாரணப் பொருள்களுக்கே பெயர் வராமல் போவது, பேச்சில் "அது", "அந்த இது" என்பவை மெல்ல மெல்லப் பெருகுவது, பேச ஆரம்பித்த விஷயத்தை நடுவில் தொலைத்துவிடுவது, பத்து நிமிடம் முன்பு கேட்ட அதே கேள்வியை முதல் தடவை கேட்பது போலக் கேட்பது. இவை மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் மருத்துவரைப் பாருங்கள். அப்படியே காதையும் பரிசோதித்துவிடுங்கள், ஏனென்றால் காது சரியாகக் கேட்காதவர் பொருத்தமில்லாமல் பதில் சொல்வதை மறதி என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

மூளையில் என்ன நடக்கிறது?

சுருக்கமாகச் சொல்கிறேன். அமிலாய்டு என்ற புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே படிவங்களாகத் தங்குகிறது, டவ் என்ற புரதம் அணுக்களுக்கு உள்ளே முடிச்சுகளாகச் சிக்கிக்கொள்கிறது. இந்த டவ் முடிச்சுகள் கண்டபடி பரவுவதில்லை. 1991இல் மூளை ஆய்வாளர்களான பிராக் தம்பதியர் காட்டியபடி, புது நினைவுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும் முதலில் தாக்கி, பிறகு பொட்டெலும்புக்கு உட்புறம் இருக்கும் பக்கவாட்டு மடல்களுக்குப் பரவுகின்றன. சொற்களின் பொருள் பற்றிய நம் அறிவு அந்த மடல்களைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. நாக்கையும் உதட்டையும் இயக்கும் பகுதிகளுக்கு நோய் கடைசியில்தான் போய்ச் சேர்கிறது. அதனால்தான் உச்சரிப்பு தெளிவாக இருக்கும்போதே சொற்கள் மட்டும் காணாமல் போகின்றன.

எது முதலில் போகிறது, எது கடைசிவரை நிற்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆரம்பத்தில் பாதிக்கப்படுவது பெயர்ச்சொற்கள். சொல் வராதபோது அதைச் சுற்றி வளைத்துச் சொல்வார்கள், கடிகாரம் என்பதற்குப் பதிலாக "மணி பார்ப்போமே, அது" என்பது மாதிரி. இந்தக் கட்டத்தில் வாக்கியங்கள் இலக்கணப்படி ஒழுங்காகவே இருக்கும். வேகமும் ஏற்ற இறக்கமும் பழையபடிதான் இருக்கும், அதனால் ஐந்து நிமிடம் மட்டும் பேசிவிட்டுப் போகும் உறவினர் "நன்றாகத்தானே பேசுகிறார், இவருக்கு என்ன?" என்று சொல்லிவிட்டுப் போவார். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு வலிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நடுக்கட்டத்தில் பேச்சின் அளவு குறையாமல் சரக்கு குறைகிறது. நிறையப் பேசுவார், ஆனால் யார், எங்கே, எது என்பதெல்லாம் உதிர்ந்திருக்கும். இடைவெளிகள் நீளும். நீளமான, பின்னலான வாக்கியங்களைப் பின்தொடர முடியாது. இலக்கணமே தெரியாமல் போய்விட்டது என்பதைவிட, வாக்கியத்தின் முடிவு வருவதற்குள் அதன் தொடக்கம் மனத்தில் தங்குவதில்லை என்பதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

அதே நேரத்தில் எவையெல்லாம் நிற்கின்றன என்று பாருங்கள். சத்தமாக வாசிப்பது நீண்ட காலம் நிற்கிறது, பொருள் புரியாமல்கூட வாசிக்க முடியும். எழுத்துக்கும் ஒலிக்கும் பொருந்தாத ஆங்கிலச் சொற்களை வாசிக்கச் சொல்லி, நோய்க்கு முன்பு ஒருவரின் அறிவுத்திறன் எப்படி இருந்திருக்கும் என்று மதிப்பிடும் ஒரு பரிசோதனையே 1982இல் இருந்து இருக்கிறது. முகமன், நலம் விசாரிப்பது, பழகிப்போன தொடர்கள், மனப்பாடமான பாட்டு வரிகள் எல்லாம் நிற்கின்றன. உரையாடலில் முறை வைத்துப் பேசுவது நிற்கிறது, அதாவது நீங்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, உங்கள் குரல் கேள்வி போல உயர்ந்தால் பதில் சொல்ல முயல்வார். சொற்கள் போய்விட்டன என்பதற்காகப் பேச வேண்டும் என்ற விருப்பமும் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது இருக்கிறது, மிக நீண்ட காலம் இருக்கிறது.

கடைசிக் கட்டத்தில் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்வதும், ஒரே அசையை மீண்டும் மீண்டும் சொல்வதும் வரலாம். நோயின் படிநிலைகளை அளக்க பேரி ரைஸ்பெர்க் உருவாக்கிய அளவுகோலில், கடைசியான 7ஆம் நிலையே பேச்சு ஒரு நாளில் ஏறக்குறைய ஆறு சொற்களுக்குச் சுருங்குவதில்தான் தொடங்குகிறது.

ஒன்று மட்டும், எல்லோருக்கும் இதே வரிசையில்தான் நடக்கும் என்று இல்லை.

ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியும் என்று மருத்துவர் ஏன் கேட்கிறார்?

சொற்பொருள் கிடங்கு, அதாவது சொற்களின் பொருள் பற்றிய நம் அறிவு, எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். ஒரு வகையைச் சொல்லி அதில் உள்ள பெயர்களைக் கேட்பது ஒரு சோதனை, ஓர் எழுத்தைச் சொல்லி அதில் தொடங்கும் சொற்களைக் கேட்பது இன்னொன்று. அல்சைமரில் இரண்டுமே குறையும் என்றாலும், முதலாவது அதிகமாகக் குறைகிறது. ஏனென்றால் விலங்குகளைச் சொல்ல வேண்டுமென்றால் பொருள்வழித் தொடர்புகளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், பழுதாகியிருப்பதே அந்தத் தொடர்புகள்தான். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும் இந்தக் கேள்வி அறுபதே விநாடியில் நிறையச் சொல்லிவிடுகிறது.

எழுத்தாளர்களின் எழுத்திலேயே நோயைக் கண்டுபிடித்தார்களாமே?

ஆமாம், ஆனால் 'கண்டுபிடித்தார்கள்' என்பதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும்.

பிரிட்டிஷ் நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக் 1995இல் தன் கடைசி நாவலை வெளியிட்டார், 1999இல் இறந்தார். அல்சைமர் இருந்தது மூளைப் பரிசோதனையிலும் உறுதியானது. 2005இல் பீட்டர் கேரர்டும் குழுவினரும் அவருடைய முதல் நாவலையும், நடுக்காலத்தில் எழுதிய ஒன்றையும், இந்தக் கடைசி நாவலையும் ஒப்பிட்டார்கள். கடைசி நாவலில் சொல்வளம் சுருங்கியிருந்தது, அடிக்கடி புழங்கும் எளிய சொற்கள் கூடியிருந்தன, ஆனால் வாக்கிய அமைப்பு பெரிதாக மாறவில்லை. மேலே சொன்ன அதே கதைதான்: சொல் முதலில், இலக்கணம் பிறகு. இவ்வளவுக்கும் அந்த நாவலை எழுதும்போது அவருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை.

அகதா கிறிஸ்டியின் நாவல்களை டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் லங்காஷயரும் கிரேம் ஹர்ஸ்ட்டும் 2009இல் ஆராய்ந்தார்கள். கடைசிக் கால நாவல்களில் சொல்வளம் குறைந்து, ஒரே தொடர்கள் திரும்பத் திரும்ப வந்து, குறிப்பில்லாத பொதுச் சொற்கள் கூடியிருந்தன. ஆனால் அவருக்கு டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மெல்லக் குறையும் நிலை, அல்சைமர் அதில் ஒரு வகை) என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. அதனால் "அகதா கிறிஸ்டிக்கு அல்சைமர்" என்று உறுதியாக எழுதுபவர்களை நம்பாதீர்கள், அது ஊகம்.

அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் தனக்கு நோய் இருப்பதை 1994 நவம்பரில் அறிவித்தார். பதவியில் இருந்தபோது பத்திரிகையாளர் சந்திப்புகளில் அவர் யோசித்துச் சொன்ன பதில்களை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அலசினார்கள். வெவ்வேறான சொற்களின் எண்ணிக்கை காலப்போக்கில் குறைந்து, பொதுப்படையான சொற்களும் நிரப்புச் சொற்களும் கூடியிருந்தன. அவருக்குப் பின் அதிபரான மூத்த புஷ்ஷின் பேச்சில் அப்படி எதுவும் இல்லை. எழுதி வைத்துப் படித்த உரைகளை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் யோசித்துச் சொன்ன பதில்களை எடுத்துக்கொண்டதுதான் இந்த ஆய்வின் புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது.

இளம் வயதில் எழுதியதை வைத்தே முதுமையில் நோய் வருமா என்று சொல்ல முடியுமா?

கன்னியாஸ்திரிகள் ஆய்வைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டேவிட் ஸ்னோடன் அமெரிக்காவில் ஒரே சபையைச் சேர்ந்த 678 கன்னியாஸ்திரிகளை வைத்து நடத்தியது அது. ஒரே மாதிரி உணவு, ஒரே மாதிரி வாழ்க்கை என்பதால் ஒப்பிடுவதற்கு அருமையான குழு. அவர்களில் 93 பேர் ஏறக்குறைய 22 வயதில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகள் சபையின் ஆவணங்களில் பத்திரமாக இருந்தன. பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துகள் வருகின்றன என்று கணக்கிட்டார்கள். 1996இல் வெளியான முடிவின்படி, கருத்துச் செறிவு குறைவாக எழுதியவர்களிடம் முதுமையில் அறிவுத்திறன் குறைவு அதிகமாக இருந்தது. அதற்குள் இறந்திருந்த 14 பேரின் மூளையைப் பார்த்தபோது, செறிவு குறைவாக எழுதிய அனைவருக்கும் அல்சைமர் இருந்தது, செறிவாக எழுதியவர்களில் ஒருவருக்கும் இல்லை.

14 பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. அதோடு, இளமையிலேயே மொழித்திறன் கூடியவர்களின் மூளைக்குத் தாக்குப்பிடிக்கும் சேமிப்பு இருந்ததா, இல்லை நோயின் விதை அப்போதே அந்த எழுத்தில் தெரிந்ததா என்பது இதிலிருந்து தெரியாது. எளிமையாக எழுதுகிறவர்கள் எல்லாம் கவலைப்பட வேண்டும் என்று இதற்குப் பொருளே இல்லை.

கணினி ஒருவரின் பேச்சைக் கேட்டு நோயைச் சொல்லிவிடுமா?

ஆராய்ச்சிக்கூடத்தில் ஓரளவு சொல்கிறது. இதற்கான மூலப்பொருள் பெரும்பாலும் ஒரே ஒரு படம்: சமையலறையில் தாய் பாத்திரம் துடைக்கிறார், தொட்டியில் தண்ணீர் வழிகிறது, பின்னால் பையன் முக்காலியில் ஏறி பிஸ்கட் எடுக்கிறான், முக்காலி சாய்கிறது. இதைப் பார்த்து என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்வார்கள். 1980களில் பிட்ஸ்பர்க்கில் பதிவான இப்படிப்பட்ட விவரணைகள் டிமென்ஷியாபேங்க் என்ற தொகுப்பில் இருக்கின்றன. 2016இல் கேத்லீன் ஃப்ரேசரும் சக ஆய்வாளர்களும் அதிலிருந்து 370 மொழிக்கூறுகளை எடுத்து, நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் 81 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்தார்கள். 2020இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பல்லாண்டுகளாக நடக்கும் பிரேமிங்ஹாம் இதய ஆய்வில் கலந்துகொண்டவர்கள், ஆரோக்கியமாக இருந்த காலத்தில் இதே படத்தைப் பற்றி எழுதியதை வைத்து, யாருக்குப் பின்னாளில் நோய் வரும் என்பதை ஏறக்குறைய 70 சதவீதம் சரியாகக் கணித்தார்கள்.

70 சதவீதம் ஆராய்ச்சிக்கு உற்சாகம் தரும் எண்தான், ஒரு மனிதரிடம் உட்கார்ந்து "உங்களுக்கு இது வரும்" என்று சொல்ல அது போதாது. படிப்பு, களைப்பு, மனச்சோர்வு, பழக்கமில்லாத மொழி எல்லாமே பேச்சை மாற்றும். கைப்பேசிச் செயலி ஒன்று உங்கள் குரலைக் கேட்டு டிமென்ஷியா என்று சொன்னால் நம்ப வேண்டாம், இல்லை என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இரண்டு மொழி பேசினால் நோய் வராதா?

வராது என்று யாரும் காட்டவில்லை. தள்ளிப்போகலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. 2007இல் டொராண்டோவில் எலன் பியாலிஸ்டாக் 184 நோயாளிகளைப் பார்த்ததில், இருமொழியாளர்களுக்கு அறிகுறிகள் ஏறக்குறைய 4 ஆண்டுகள் தாமதமாக வந்திருந்தன. அங்கே இருமொழியாளர்களில் பலர் குடிபெயர்ந்து வந்தவர்கள், அதனால் வேறு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. 2013இல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்தார். அங்கே பல மொழி பேசுவது அன்றாட வாழ்க்கை, குடிபெயர்வு கிடையாது. வித்தியாசம் 4.5 ஆண்டுகள், பள்ளிக்கே போகாதவர்களிடமும் அது தெரிந்தது.

ஆனால் நோய் இல்லாதவர்களை முதலில் சேர்த்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இருமொழியாளர்களுக்கு ஆபத்து குறைவாக இல்லை. விவாதம் இன்னும் முடியவில்லை. நோயைத் தடுக்கத்தான் மொழி கற்க வேண்டும் என்றில்லை, கற்பதற்கு வேறு நல்ல காரணங்கள் ஏராளம்.

பின்னாளில் கற்ற மொழி மறந்து, தாய்மொழி மட்டும் மிஞ்சுமா?

பலருக்கு அந்தப் பக்கம் சாய்வு வருகிறது. 13 வயதுக்குப் பிறகு ஆங்கிலம் கற்ற 51 நோயாளிகளைப் பற்றிய 1999ஆம் ஆண்டு ஆய்வில், அவர்கள் முதல் மொழியையே நாடுவதாகவும், ஆங்கிலம் பேசும்போது நடுவே முதல் மொழிச் சொற்கள் புகுந்துவிடுவதாகவும் பராமரிப்பவர்கள் சொன்னார்கள். எதிரில் இருப்பவருக்கு எந்த மொழி தெரியும் என்று கணக்கு வைத்துக்கொள்வதும் மூளைக்கு ஒரு வேலைதான், அதுவும் தளர்கிறது. ஆகவே முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது அவருடைய முதல் மொழி பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று கேட்பது ஆடம்பரம் இல்லை, அடிப்படைத் தேவை.

ஆராய்ச்சி எல்லாம் ஆங்கிலத்தில்தானே? மற்ற மொழிகளுக்குப் பொருந்துமா?

எல்லாம் பொருந்தாது. பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக 'அவர்', 'அது' போன்ற பிரதிப்பெயர்கள் பெருகுவது ஆங்கிலத்தில் முக்கிய அடையாளம். வங்க மொழி பேசும் நோயாளிகளை அர்பிதா போஸும் குழுவினரும் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டபோது முடிவு நேர் எதிராக இருந்தது, பிரதிப்பெயர்கள் குறைந்திருந்தன. தமிழைப் போலவே வங்க மொழியிலும் எழுவாயை விட்டுவிட்டே பேசலாம் அல்லவா. சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஆங்கிலத்துக்கு உருவாக்கிய சோதனையை மொழிபெயர்த்து அப்படியே பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இது போதும். தமிழ் பேசுபவர்களுக்கும் அவர்கள் மொழியை வைத்தே உருவாக்கிய அளவுகோல்கள் வேண்டும், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அவரோடு எப்படிப் பேசுவது?

இதில் நாம் நல்லது என்று நினைத்துச் செய்யும் சில விஷயங்கள் உதவுவதில்லை. ஜெஃப் ஸ்மாலும் சக ஆய்வாளர்களும் 2003இல், பராமரிப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லித்தரும் பத்து உத்திகளை நிஜ உரையாடல்களில் சோதித்துப் பார்த்தார்கள். கவனத்தைச் சிதறடிப்பவற்றை நிறுத்துவது, எளிய வாக்கியங்களில் பேசுவது, ஆம் இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்பது ஆகியவை உதவின. வேண்டுமென்றே மெதுவாக இழுத்துப் பேசுவது உதவவில்லை. காரணம் யோசித்தால் புரியும்: வாக்கியம் நீள நீள அதன் தொடக்கத்தை அதிக நேரம் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இயல்பான வேகத்தில், சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். பதிலுக்கு மட்டும் நிறைய நேரம் கொடுங்கள்.

பிரதிப்பெயரைக் குறையுங்கள். "அவர் அதைக் கொண்டுவந்தாரா?" என்பதைவிட "தம்பி மருந்தைக் கொண்டுவந்தானா?" என்பது அவருக்கு எளிது. நமக்குத்தான் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது செயற்கையாகத் தோன்றும்.

அப்புறம், குழந்தையிடம் பேசுவது போலக் கொஞ்சிப் பேசாதீர்கள். கிறிஸ்டின் வில்லியம்ஸின் 2009 ஆய்வில், முதியோர் இல்லங்களில் ஊழியர்கள் அப்படிப் பேசியபோது, இயல்பாகப் பேசியபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு அளவுக்கு நோயாளிகள் எதிர்ப்புக் காட்டினார்கள். சொல் புரியாவிட்டாலும் தொனி புரிகிறது. தன்னைச் சின்னப்பிள்ளையாக நடத்துகிறார்கள் என்பது எழுபது வயதுக்காரருக்குத் தெரியாமல் போகாது.

தவறாகச் சொன்னால் திருத்தலாமா?

என்ன சொல்ல வருகிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால் எதற்குத் திருத்த வேண்டும்? கண்ணாடியைக் காட்டி சாவி என்கிறார், கண்ணாடியை எடுத்துக் கொடுங்கள், "இந்தாங்க கண்ணாடி" என்று இயல்பாகச் சொன்னால் போதும். சொல்லத் திணறும்போது வாக்கியத்தை நாமே பாய்ந்து முடித்துவிடவும் வேண்டாம், சற்றுப் பொறுத்து, அவர் உங்களைப் பார்த்து உதவி கேட்பது தெரிந்தால் சொல்லை எடுத்துக் கொடுங்கள். "இது என்ன, சொல்லுங்க பார்க்கலாம்?" என்று தேர்வு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதனால் சொல் திரும்பி வருவதில்லை, பேசவே தயங்கும் நிலைதான் வருகிறது.

நினைவு நன்றாக இருக்கிறது, பேச்சு மட்டும் தடுமாறுகிறது. இதுவும் அல்சைமரா?

இருக்கலாம். மார்செல் மெசுலம் 1982இல் விவரித்த, மொழியிலேயே தொடங்கி மெல்ல முற்றும் நோய்வகையில் மூன்று பிரிவுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் சொல் தேடித் தேடி நிற்பதும், கேட்ட நீளமான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியாததும் முக்கிய அறிகுறிகள். அந்தப் பிரிவினரில் பெரும்பாலோரின் மூளையில் இருப்பது அல்சைமர் மாற்றங்கள்தான். வயது அறுபதுக்குக் கீழே இருந்தாலும் வரலாம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருந்தோ பயிற்சியோ பேச்சைத் திருப்பித் தருமா?

போனதைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. டோனபெசில் போன்றவை சிலருக்குச் சிறிது காலம் ஓரளவு தெளிவு தருகின்றன. குழுவாக உட்கார்ந்து பேசி, பாடி, விவாதித்துச் செய்யும் அறிவுத் தூண்டல் பயிற்சி, லேசான அல்லது மிதமான நிலையில் இருப்பவர்களுக்குச் சிறிதளவு பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு, உரையாடுவதிலும் அந்தப் பலன் தெரிகிறது. பேச்சுப் பயிற்சியாளரைச் சீக்கிரமே பார்ப்பது நல்லது, நோயாளிக்குப் படங்கள், குறிப்பேடு என்று மாற்று வழிகளைப் பழக்குவதோடு உங்களுக்கும் பேசும் முறையைக் கற்றுத்தருவார்.

பேச்சு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இனி எப்படித் தெரிந்துகொள்வது?

முகம், மூச்சு, முனகல், உடல் இறுக்கம், தடவிக்கொடுத்தால் அமைதியாகிறாரா என்பது, இந்த ஐந்தையும் பார்த்து வலியை மதிப்பிடும் ஓர் அளவுகோல் 2003இல் இருந்து பயன்பாட்டில் இருக்கிறது, செவிலியரிடம் கேட்டால் காட்டுவார்கள். அவருக்குப் புரியாது என்று நினைத்து, அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசாதீர்கள்.

இன்னொன்றையும் அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். அல்சைமரில் பேச்சு மாதங்களில், ஆண்டுகளில்தான் குறையும். நேற்றுவரை நாலு வார்த்தை பேசியவர் இன்று திடீரென்று பேசவில்லை, அல்லது குழறிப் பேசுகிறார் என்றால் அதை அல்சைமர் கணக்கில் எழுதிவிட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து, பக்கவாதம், எதுவாகவும் இருக்கலாம். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ நிமிடங்கள்கூட முக்கியம், உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே "இவர் எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்பார்கள். நேற்று எப்படிப் பேசினார் என்பதைச் சொல்ல உங்களால்தான் முடியும்.